ஒரே கயிறு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நீல நூல்கண்டை எடுத்து அலமாரியின் அடித்தட்டில், போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். பிறகுதான் முகம் கழுவினேன்.

எதற்கு ஒளித்தேன்? யாரும் தேடி வரப்போவதில்லை. தையல் மேசையில் பத்து நிறத்தில் நூல் கிடக்கிறது. ஒன்று குறைந்தால் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் மேசைக்குப் போகும்போதெல்லாம் கண் அங்கேயே போய் நிற்கிறது.

எங்கள் பள்ளிக்கு மாணவராக வந்த கணக்கு வாத்தியார் போய்ப் பதின்மூன்று நாள். இத்தனை நாளும் இந்த நோட்டைத் திறக்கவில்லை.

இன்று திறக்கக் காரணம், கடலில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிற தம்பி கொடுத்த வேலை. போலீசுக்குத் தர வேண்டிய அறிக்கையைத் தன் கோழிக் கிறுக்கலில் எழுதிக்கொண்டு வந்து, "அக்கா, நீ படிச்சவ, இதைக் கொஞ்சம் அழகா எழுதிக் குடு" என்றான். எழுதிக் கொடுத்தேன். 'பிப்ரவரி 19 காலை மாணவரின் பட்டம் தண்ணீரில் விழுந்தது. அதை மறுபடி எழுப்ப ஒரு பக்கத்துக் கயிற்றை மட்டும் இழுக்க வேண்டும். மாணவர் பதற்றத்தில் இரண்டு கயிறுகளையும் சேர்த்து இழுத்தார். கரையிலிருந்து ரேடியோவில் பலமுறை சொல்லியும் திருத்திக்கொள்ளவில்லை. படகு வேறொரு மாணவியின் பலகையைத் தேடித் தெற்கே போயிருந்தது. அது வருவதற்குள் மாணவர் அலைத்தடுப்புப் பாறைகள் மேல் அடித்துச் செல்லப்பட்டார். பட்டத்தில் குறை எதுவும் இல்லை.'

கடைசி வரியையும் அப்படியே எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாகத்தான் இருந்தது.


மார்ச் 5, புதன்

மழை. இரண்டு பட்டங்களுக்கு ஒட்டுப் போட வேண்டும். பசை டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.


மார்ச் 7, வெள்ளி

வாத்தியாரின் மனைவியும் மகளும் அவருடைய பையை வாங்க வந்தார்கள்.

தம்பி, "நீயே பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அலுவலக அறையில் அவர்களை உட்கார வைத்தேன். பையில் ஒரு துண்டு, கண்ணாடிக் கூடு, பாதி பிஸ்கட் பாக்கெட், ஒரு சின்ன நோட்டு. பாக்கெட்டின் வாயை ரப்பர் பேண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். நமுத்துப் போகக் கூடாதாம்.

மனைவி நோட்டைப் பிரித்தார். பட்டம் எழுப்பும் பாடமெல்லாம் எண் போட்டு எழுதியிருந்தது.

"அழகா எழுதி வச்சிருக்கார் பாருங்க. எழுதி என்ன பிரயோஜனம்? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக்குடுத்தாரு. ஒண்ணு எது, ரெண்டு எதுன்னு அவருக்கே தெரியல."

மகள், "அம்மா, போதும்" என்றாள்.

"என்னடி போதும்? எனக்கு அழுகையே வரல மேடம். கோவம்தான் வருது. அம்பத்திமூணு வயசுல எதுக்கு இந்த ஆட்டம்? சொன்னேன். பேத்தி பொறக்குற வயசுல பட்டம் விடப்போறேன்னு கெளம்பறீங்களேன்னு சொன்னேன். சிரிச்சாரு. இப்ப என் ஆபீஸ்ல, தெருவுல, எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. தெரியாத வேலைல போய்க் கைய விட்டு உசிர விட்டார்னு. நான் என்னத்தச் சொல்ல?"

வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் மட்டும் பின்தங்கினாள். இருபது வயதிருக்கும். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அப்பா ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ண மாட்டாரு மேடம். ரேடியோல சொல்லியும் அதையே பண்ணினாருன்னு உங்க தம்பி சொல்றாரு. நீங்க அவரைப் பாத்திருக்கீங்கல்ல. அப்படிப் பண்றவரா?"

நான், "கடல்ல எல்லாருக்கும் பதட்டம் வரும்மா" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.


மார்ச் 8, சனி

நடந்ததை ஒருமுறையாவது முழுசாக எழுதிவிடுகிறேன்.

பட்டத்தின் முன்விளிம்பில் ஒரு பருத்த குழாய். அதற்குள் நீளமான ரப்பர் பை. அதில் காற்று இறுகியிருந்தால்தான் பட்டத்துக்கு முதுகெலும்பு. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், எழும். பிப்ரவரி 18 மதியம், ஆரஞ்சுப் பட்டத்தின் பையில் வால்வு ஒட்டு விட்டிருந்தது. புது வால்வு ஒட்டினேன். ஒட்டினால் இரவு முழுக்கப் பாரம் வைக்க வேண்டும். மறுநாள் காற்றடித்து ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். அதற்கும் மறுநாள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இறுக்கம் குறையவில்லை என்றால் வால்வின் கழுத்தில் நீல நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவேன். இது நானே வைத்துக்கொண்ட வழக்கம். பதினோரு வருடமாகத் தம்பி வேறெதையும் பார்ப்பதில்லை. நூல் இருந்தால் பட்டம் போகும்.

அன்று தம்பி வாசலில் நின்று, "அக்கா, ஆரஞ்சு நாளைக்குக் காலைல வேணுமே, ஆகுமா?" என்றான். ஆகும் என்றேன். மூன்று மணி நேரம் பாரம். இரண்டு மணி நேரம் காற்று. கட்டைவிரலுக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. கடலோர ஈரத்தில் பசை அவ்வளவு சீக்கிரம் இறுகாது என்று தெரியாதா எனக்கு? வேதியியலில் பட்டம் வாங்கினவள். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு நூல் கட்டலாம் என்றுதான் நினைத்தேன். மறந்துவிடுவேனோ என்று முன்கூட்டியே கட்டிவைத்தேன்.

காலையில் பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன். அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பட்டத்தைக் கரைக்குக் கொண்டுவந்த படகுக்காரர் மடிப்பதற்காக வால்வைத் திறந்து காற்றை விட்டுவிட்டார். அதனால் அது கடலில் தொய்ந்ததா, படகில் தொய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் அறை மூலையில் சுருட்டிக் கிடக்கிறது.

என்னால் சொல்ல முடியும். காற்றடித்துப் பார்த்தால் போதும். பதினேழு நாளாக அடிக்கவில்லை.


மார்ச் 10, திங்கள்

அடித்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு, பம்ப்பின் முள் ஏழுக்கு வரும்வரை. சுண்டினால் டங்கென்றது. கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை. இருபதில் சத்தம் கொஞ்சம் மந்தம். வாத்தியார் தண்ணீரில் இறங்கி நாற்பது நிமிடத்தில்தான் பட்டம் விழுந்தது. நாற்பதாவது நிமிடம் முள்ளைப் பார்த்தேன். மூன்று.

சுண்டினேன். தலையணையைச் சுண்டியது மாதிரி.

ஆனாலும்... மூன்றில் எழும்பாதா? தொய்ந்த பட்டமும் சில நேரம் எழும் என்று தம்பியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் நிஜமாகவே இரண்டு கயிற்றையும் இழுத்திருந்தால்? அப்படியானால் என் ஒட்டு ஒரு காரணமே இல்லை. இல்லையா?

பாவி, எதை வேண்டிக்கொள்கிறேன் பார்.


மார்ச் 11, செவ்வாய்

தம்பியிடம், "எனக்குச் சொல்லிக்குடுடா" என்றேன்.

"எதை?"

"பட்டத்தைத் தண்ணில போட்டு எழுப்பறதை."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் கை தட்டில் அப்படியே நின்றது. "பதினோரு வருஷமா கரையில உக்காந்து ஊசி கோத்துட்டு இருந்த. இப்ப என்ன திடீர் ஞானோதயம்?"

தம்பி மனைவி சிரித்தாள். "அண்ணி, நீங்க தண்ணி லாரி வந்தாலே பத்தடி தள்ளி நிப்பீங்களே!"

"அதான் கத்துக்கணும்னு சொல்றேன்."

"நாப்பத்தாறு வயசுல..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். வாத்தியாருக்கு ஐம்பத்து மூன்று. மூன்று பேரும் தட்டைப் பார்த்தோம்.

பிறகு அவனே, "சரி. அந்தப் பக்கத்து வளைகுடால பண்ணலாம். அங்க பாறை இல்ல" என்றான். பள்ளி மூடியிருப்பதால் அவனுக்கும் கை சும்மா இருக்கிறது. கடலைப் பார்த்து உட்கார்ந்தே இளைத்துவிட்டான்.


மார்ச் 13, வியாழன்

மூக்கெல்லாம் உப்பு. பட்டத்தைப் பார்த்து நீந்தினேன். "நீந்தாதக்கா! கயிறு தொய்ஞ்சா சிக்கிக்கும். இருந்த இடத்துல இரு!" என்று கரையிலிருந்து தம்பி கத்தியது ஹெல்மெட்டில் பொருத்திய ரேடியோவில் கேட்டது. காதுக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. இந்த ரேடியோவில் நாம் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது.

ஒன்றும் எழும்பவில்லை.


மார்ச் 16, ஞாயிறு

இன்று எழுந்தது.

இடது கயிற்றை ஒரு முழம் இழுத்துப் பிடித்தபடி காத்திருந்தேன். பட்டம் கவிழ்ந்து கிடந்த தவளை மாதிரி மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய், காது என்று நாங்கள் சொல்கிற ஓர முனையைத் தண்ணீரில் ஊன்றி, செங்குத்தாக நின்றது. இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது. அப்புறம் காற்று அதன் வயிற்றைக் கண்டுபிடித்தது. சொட்டச் சொட்ட மேலே போயிற்று. கயிற்றை விட்டேன்.

தலைக்கு மேலே அது நிற்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே வெட்கமாகிவிட்டது.

வாத்தியார் தன் முறைக்குக் காத்திருக்கும்போது என் தையல் அறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார், காலில் மணல் என்பார். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். "ஒண்ணு, பட்டத்தைப் பாத்து நீந்தக் கூடாது. ரெண்டு, ஒரே கயிறு. மூணு, பொறுமை. முதல் ரெண்டுக்கு விதி இருக்கு மேடம். மூணாவதுக்குத்தான் சூத்திரமே இல்ல." அவரே சிரித்துக்கொள்வார்.

அந்த மனிதர் இரண்டு கயிற்றையும் இழுத்திருப்பாரா? மகள் கேட்டபோது எனக்கு இது ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது.


மார்ச் 19, புதன்

ஒரு மாதம்.


மார்ச் 22, சனி

அவருடைய பட்டத்தின் உள்பையை உருவி எடுத்து, அதே அளவுள்ள பச்சைப் பட்டத்துக்குள் மாட்டினேன். இரண்டு மணி நேர வேலை. முறுக்கு விழாமல், மடிப்பு இல்லாமல், நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவித் தடவி. இவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. அந்தக் கவனத்தில் பாதி அன்றைக்கு இருந்திருந்தால்.

வால்வின் கழுத்தில் பழைய நூல் அப்படியே இருக்கிறது. அவிழ்க்கவில்லை.

தம்பியிடம் நாளைக்குப் பச்சையை எடுக்கலாம் என்றேன். சாப்பிடும்போது அவனே ஒரு செய்தி சொன்னான். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டாராம், வெள்ளிக்கிழமை ஃபைலை மூடிவிடுவார்களாம், சனிக்கிழமை பள்ளியைத் திறக்கலாமாம். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து இன்றுதான் இரண்டு பேர் முகத்திலும் நிம்மதி.


மார்ச் 23, ஞாயிறு

கை இன்னும் எரிகிறது. எழுதிவிடுகிறேன்.

காற்று கரையைப் பார்த்துத்தான் வீசிற்று. படகுக்காரர் படகோடு பக்கத்திலேயே இருந்தார். சாகப் போகவில்லை, அதில் தெளிவாகத்தான் இருந்தேன்.

தம்பி பம்ப் அடித்தான். வால்வைப் பார்த்தான், நூலைப் பார்த்தான், குழாயைச் சுண்டினான். டங். "மத்தளம் மாதிரி இருக்கு. போய்ட்டு வா" என்றான். அவன் முகத்தையே பார்த்தேன். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்திருப்பான், இப்படித்தான் சுண்டியிருப்பான். அவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

பலகை இல்லாமல், தண்ணீரில் கிடந்தபடியே பட்டம் இழுக்கிற பக்கம் போய்ப் போய் வந்தேன். மணிக்கட்டில் கடிகாரம். முப்பதாவது நிமிடத்தில் பட்டம் சொன்ன பேச்சைக் கேட்பதில் ஒரு தாமதம். தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்டால் திரும்புகிற மாதிரி. நாற்பதாவது நிமிடம் நான் விழவைக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே விழுந்தது.

இடது கயிற்றை ஒரு முழம் இழுத்தேன். காத்திருந்தேன். பட்டம் நகரவில்லை. முன்குழாய் நடுவில் முழங்கை மாதிரி மடங்கி, இரண்டு காதுகளும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின.

ஹெல்மெட்டுக்குள் தம்பியின் குரல்: "அக்கா, ரெண்டையும் இழுக்கற. ஒண்ணை விடு."

என் கையைப் பார்த்தேன். இடது கை கயிற்றில். வலது கை தண்ணீரில் வெறுமனே கிடந்தது.

"அக்கா, ஒரே கயிறு! ஒரே கயிறு! இடது மட்டும்!"

இடது மட்டும்தான்டா இழுக்கறேன். இடது மட்டும்தான்! கத்தினேன். யாருக்குக் கேட்கும்? கரையிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு காதும் மடங்கித் தெரிகிறது, அதனால் இரண்டு கயிறு. அவன் கண்ணால் கண்டதைச் சொல்கிறான்.

அந்தக் குரல் அவ்வளவு உறுதியாக இருந்தது. நாலாவது தடவை சொன்னபோது நானே என் கையைச் சந்தேகப்பட்டேன். விரலை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கயிற்றை மாற்றி வலதை இழுத்தேன். அதே மடிப்பு. "பதறாதக்கா, சொன்னதைச் செய், ரெண்டையும் இழுக்காத." மறுபடி இடது. எண்ணிக்கொண்டே செய்தேன். இருபத்தாறு தடவை. ஒருமுறை ஒரு காதை ஊன்றி எழுந்து நின்றது. எழும்பிடு, எழும்பிடு, என்னைக் காப்பாத்து என்று வேண்டினேன். நடுவில் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

வாத்தியார் எத்தனை தடவை இழுத்தாரோ. எண்ணியிருப்பார். கட்டாயம் எண்ணியிருப்பார். எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டே, தப்பு, தப்பு என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே போனார்.

படகு வந்து ஏற்றிக்கொண்டது. கரையில் தம்பி தண்ணீருக்குள் ஓடிவந்து பட்டத்தைப் பிடித்தான். குழாயில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

"என்னக்கா, காத்தே இல்ல?"

"படகுல ஏத்தும்போது வால்வைத் தொறந்துட்டேன்."

வால்வின் மூடி மூடியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். நான் அவன் பார்ப்பதைப் பார்த்தேன்.

"அதானே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "அதான் பாத்தேன்."

பட்டத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். 


மார்ச் 24, திங்கள்

தம்பி காலையில் காபி குடிக்கவில்லை. குளித்துவிட்டுப் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அடித்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தான்.

சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கு அவன் அடி வாங்கியிருக்கிறான். அப்பா விளாசும்போதுகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நேற்று 'அதானே' என்றானே, அதுவும் அப்படித்தானா? இல்லை, தனக்காகவா? அந்த மனிதர் கடைசியாகக் கேட்டது தன் குரல் என்பதை அவனால் தாங்க முடியுமா? எனக்குத் தெரியவில்லை. என்னுடையது ஒரு முடிச்சு. அவனுடையது குரல். எது கனம்?


மார்ச் 25, செவ்வாய்

மதியம் அந்தப் பெண் கூப்பிட்டாள், வாத்தியாரின் மகள். அலுவலக எண்ணுக்கு. பையில் அப்பாவின் பேனா இல்லையாம், கிடைத்தால் சொல்லச் சொன்னாள். பேனாவெல்லாம் ஒரு சாக்கு என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

"அப்பா போட்டோவை எடுத்து உள்ள வச்சுட்டாங்க மேடம். பாத்தாலே கோவம் வருதாம்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடினேன். அவர் எப்போதும் நிற்கிற என் அறை வாசலில், கதவிடுக்கில் கிடந்தது. மூடியில் பல் பதிந்த தடம்.

சாயங்காலம் உள்பையைப் பட்டத்திலிருந்து வெளியே எடுத்து, வால்வு மேலே தெரியும்படி மடித்து, துணிப்பையில் வைத்தேன். நூலோடு. பேனாவையும் வைத்தேன். சேர்க்கைப் படிவத்திலிருந்து அவர்கள் வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டேன். முதலில் அந்த வீடு. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். நான் அழகாக எழுதிக் கொடுத்த அறிக்கையை நானேதான் மாற்றி எழுத வேண்டும். நான் நூல் கட்டிய நேரம், பசை, நாற்பது நிமிடம், மடங்கிய குழாய், எல்லாம். அவர் ஒரே கயிற்றைத்தான் இழுத்தார் என்பதை அந்த அம்மாவிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மற்றதை அவர்கள் கேட்பார்களோ, கதவைச் சாத்துவார்களோ, சாத்தட்டும்.

தம்பியிடம் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. அவன் ஒரு தடவை "வேண்டாம்க்கா" என்றால் நின்றுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அவன் இப்போது மாடிப்படியில் பாதிவரை வந்து நின்று கேட்டான்: "அக்கா, சனிக்கிழமைக்கு மூணு பட்டம் வேணும். ஆகுமா?"

"நாளைக்கு ஒரு வேலையா வெளிய போறேன்டா. வந்து பாக்கறேன்."

எங்கே என்று கேட்கவில்லை. பிறகு இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

போர்வைக்கு அடியிலிருந்து நூல்கண்டை எடுத்து மேசையில் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு.